புரட்டாசி விரதத்தோடு சாந்தோரினித் தீவில் ஆறு நாள்: எங்கே உண்பது?

கோர் த கார்த் அடிவாரம் (கத்ர் போர்ன், மொரீசியஸ்) கேட்டது:

மன்ற அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தார் நால்வரும் செப்டம்பர் 20 முதல் 26 வரை கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் தங்க இருக்கிறோம். கணவருக்கு அப்போதுதான் விடுப்புக் கிடைத்தது. விமானக் கட்டணமும் அந்த வாரத்தில்தான் எங்கள் கைக்கு எட்டியது. பயணச்சீட்டு வாங்கிய பிறகு நாட்காட்டியைப் புரட்டிய என் தாயார், அந்த நாட்கள் முழுவதும் புரட்டாசியில் வருகின்றன என்று சொன்னார்கள். கோவிந்தன் விரதத்தை ஒரு வருடம்கூட விடாதவர்கள் நாங்கள். பயணத்தைக் காரணம் காட்டி இவ்வாண்டு விடுவதாக இல்லை.

என் தாயாருக்கு வயது 71. புரட்டாசியில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் மரக்கறி உணவே உண்பவர்கள். முட்டையும் தொடமாட்டார்கள், பாலும் தயிரும் உண்டு. நானும் கணவரும் மற்ற மாதங்களில் மீன் உண்போம், இம்மாதம் இல்லை. பதினைந்து வயது மகனுக்கு விரதத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் எக்காலத்திலும் இல்லை.

இணையத்தில் தேடினால் செங்குத்தான பாறை விளிம்பில் விரித்த மேசைகளும், சூரியன் கடலில் இறங்கும் படங்களும், மீனும் இறாலும் அடுக்கிய தட்டுகளுமே வருகின்றன. அங்கே ஒரு வயதான தமிழ்த் தாய் பச்சைக் காய்க் கலவையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தவிர வேறு என்ன உண்ண முடியும் என்பதை எவரும் எழுதக் காணோம். தாயாருக்கு முழங்கால் வலியும் உண்டு; படிகள் மிகுந்த ஊர் என்று கேள்விப்பட்டுக் கவலைப்படுகிறார்கள்.

ஆகவே மூன்று கேள்விகள் கேட்கிறேன். தாயார் வயிறார உண்ணக்கூடிய உணவு எந்த ஊரில், எவ்வகைக் கடையில் கிடைக்கும்? இயா என்னும் ஊரில் அந்தப் பாறை விளிம்பு மேசைகளுக்காகச் செலவிடுவது தகுமா? மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். என் மகனுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உண்டு. ஃபேவ் என்று நாம் சொல்லும் அவரைக்கொட்டையை அவன் தொடவே கூடாது என்று மருத்துவர் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தீவின் புகழ்பெற்ற உணவின் பெயரே 'ஃபாவா' என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. அதைப் பற்றி அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

*

பழைய கப்பல் சமையலர் (போர்ட் லூயிஸ்) எழுதியது:

அம்மா, வணக்கம். மத்தியதரைக்கடலில் ஓடும் பயணிகள் கப்பல்களின் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். சாந்தோரினிக்கு முன்னால் கப்பல் நிற்கும் நாட்களில், முறை கிடைத்தால் கரைக்கு இறங்கி உள்ளூர்க்காரர்கள் உண்ணும் கடையைத் தேடிப் போவேன். உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பருப்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இம்மன்றத்தில் இருக்கிறார். அவர் எழுதுவார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தாயாருக்கு இது மன ஆறுதல் தரும். கிரேக்கர்களும் விரதம் இருப்பவர்களே. அவர்களுடைய திருச்சபை முறைப்படி ஆண்டு முழுவதும் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விரத நாள். பாஸ்கா பண்டிகைக்கு முன் நீண்ட விரதமும், ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முன் இரண்டு வாரமும் உண்டு. அந்நாட்களில் இறைச்சி, மீன், முட்டை, பால், பாலாடைக்கட்டி எதுவும் இல்லை. எல்லாரும் இன்று கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் விரத உணவு என்றால் என்ன என்பது சின்னக் கடை முதலாளி முதல் பரிமாறும் இளைஞர் வரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு 'நிஸ்திசிமோ' என்று பெயர். 'நான் சைவம்' என்று ஆங்கிலத்தில் விளக்கினால் புரிந்தும் புரியாமலும் தலையசைப்பார்கள்; 'விரத உணவு வேண்டும்' என்று அவர்கள் மொழியில் கேட்டால் உள்ளே போய் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுவிட்டு வந்து பதில் சொல்வார்கள். நான் கண்ட அனுபவம் இது.

ஆனால் இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. குருதி இல்லாத உயிர்கள் என்பதால் அவர்கள் விரத முறையில் எண்காலி (ஆக்டோபஸ்), கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஆகவே 'நிஸ்திசிமோ' என்ற சொல்லோடு நிறுத்தினால் தட்டில் கணவாய் வரலாம். 'ஹோரிஸ் தலசினா', அதாவது கடல் உணவு இல்லாமல், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உணவுக்கு வருகிறேன். 'லாதெரா' என்று ஒரு பிரிவு பல கடைகளின் உணவுப் பட்டியலில் இருக்கும். காய்களை ஒலிவ எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக வேகவைத்த உணவுகள் அவை. பச்சை பீன்ஸ் வேகவைத்த 'ஃபசோலாக்கியா', கத்தரிக்காயும் சுரைக்காய் இனத்துக் காயும் உருளைக்கிழங்கும் அடுப்பில் சுட்ட 'பிரியாம்', பெரிய வெள்ளை மொச்சை போன்ற கொட்டையை வேகவைத்த 'கிகாந்தெஸ்' ஆகியவை இவ்வகை. இவற்றை வெதுவெதுப்பாகவே பரிமாறுவார்கள். சூடு ஆறிவிட்டதென்று உங்கள் தாயார் நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம், அதுவே முறை. 'ஹோர்தா' என்பது வேகவைத்த கீரை, மேலே எண்ணெயும் எலுமிச்சையும். நம் வீட்டுக் கீரைக் கறியான ப்ரேதை விரும்பி உண்பவர்களுக்கு இதைவிடப் பழகிய சுவை அந்நாட்டில் இல்லை. சைவ உணவினரை அவர்கள் மொழியில் 'ஹோர்தோஃபாகோஸ்' என்பார்கள். அதே சொல்தான், கீரை உண்பவர் என்று பொருள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி திணித்துச் சுடும் 'யெமிஸ்தா'வில் சில வீடுகளில் கொத்திறைச்சி சேர்ப்பார்கள், சில வீடுகளில் சேர்க்கமாட்டார்கள். கேட்டே வாங்க வேண்டும். 'கிகாந்தெஸ்' கொட்டையிலும் சிலர் தொத்திறைச்சித் துண்டு போடுகிறார்கள். கீரை அடை என்று நாம் நினைக்கக்கூடிய 'ஸ்பனகோபித்தா'வின் உள்ளே பாலாடைக்கட்டியோடு பெரும்பாலும் முட்டையும் கலந்திருக்கும். பாலாடைக்கட்டி உறைவதற்குக் ஆட்டுக்குட்டி, கன்று போன்றவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். தயிரில் அந்த நொதி இல்லை, கெட்டித் தயிரும் தேனும் காலையில் உங்கள் தாயாருக்கு ஏற்றவை. பொரித்த உணவு எதுவானாலும், கணவாய் பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். சமையலறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறிய கடைகளில் எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருக்கும்.

மகனுக்குப் பசித்தால் ஃபிரா நகரில் 'லக்கிஸ் சுவ்லாக்கிஸ்' போன்ற சிறிய கடைகளில் ரொட்டிக்குள் சுட்ட இறைச்சியைச் சுற்றித் தருவார்கள். பெரும்பாலும் பன்றி, கேட்டால் கோழி. 'கோதோபுலோ' என்றால் கோழி, 'மொஸ்ஹாரி' என்றால் மாட்டிறைச்சி. 'முசாக்கா'விலும் உருண்டைகளிலும் உள்ள கொத்திறைச்சியில் மாடு இருக்கும் என்றே கொள்ளுங்கள்.

*

வாக்குவா வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமனார், மாமியாருடன் அங்கே ஐந்து நாள் இருந்தோம். இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சாந்தோரினியின் வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே உண்பது என்பதும் விளங்கிவிடும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட பெரும் எரிமலை வெடிப்பில் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் சரிந்துவிட, மிஞ்சியது பிறை வடிவம். பிறையின் உட்பக்கம், மேற்கே, செங்குத்தான பாறை. அதன் உச்சியில்தான் ஃபிரா, ஃபிரோஸ்தெஃபானி, இமெரோவிக்லி, இயா ஆகிய வெள்ளை ஊர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பிறையின் வெளிப்பக்கம், கிழக்கே, நிலம் சரிந்து கருமணல் கடற்கரையில் முடிகிறது. கமாரியும் பெரிஸ்ஸாவும் அங்கே. நடுவில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே பிர்கோஸ், மெகலோஹோரி, எக்ஸோ கோனியா போன்ற பழைய கிராமங்கள். படம் எடுக்கும் கூட்டம் மேற்கு விளிம்பில் நிற்கிறது. நல்ல சாப்பாடு, நாங்கள் கண்டவரை, நடுவில் இருக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எக்ஸோ கோனியா கிராமத்தில் தேவாலயத்துக்கு அருகே உள்ள 'மெதக்ஸி மாஸ்'. 'நமக்குள்ளே' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள். சாந்தோரினி உணவோடு கிரேத்தா தீவின் உணவும் அங்கே உண்டு. கிழக்குக் கடலைப் பார்த்த திறந்த மாடம், சூரியன் மறைவது தெரியாது, ஆனால் தட்டில் வருவதெல்லாம் சமைத்தவர் கை தெரியும் உணவு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், சில படிகளும் உண்டு என்பதைத் தாயாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிர்கோஸ் மலைமேல் கோட்டையைச் சுற்றிய கிராமம். உச்சிவரை ஏறத் தேவையில்லை, கீழே வாகனம் நிற்கும் சதுக்கத்தைச் சுற்றியே கடைகள் இருக்கின்றன. மெகலோஹோரியின் சிறு சதுக்கம் அதைவிடச் சமதளம். என் மாமியார் அங்கே இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மனமின்றி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வலி மிகும் நாளில் கமாரிக்குப் போங்கள். கடலோர நடைபாதை நேராகச் செல்கிறது, ஒரு பக்கம் கடைகள், மறு பக்கம் கடல், படியே இல்லை. பேருந்துகள் எல்லாம் ஃபிராவிலிருந்து புறப்படுகின்றன. இரவில் கடைசி வண்டி எப்போது என்பதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே இரவு உணவு ஒன்பது மணிக்குமேல்தான் களைகட்டும்.

இயாவைப் பற்றி. அங்கே ஒரு மாலை நாங்கள் பட்ட மனவருத்தத்தைச் சொல்ல வேண்டும். கடையின் பெயர் வேண்டாம். பரிமாறியவர் பெரிய தட்டில் மீன்களைக் காட்டி 'இது நல்லது' என்றார், நாங்களும் தலையசைத்தோம். மீனுக்கு விலை கிலோக் கணக்கில் என்று உணவுப் பட்டியலில் எழுதியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, எடை போட்டுச் சொல்லும்படி கேட்கவுமில்லை. கணக்குச் சீட்டு வந்தபோது என் மாமனார் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றார்கள். அந்த மாலையின் அழகு முழுவதும் அத்தோடு போயிற்று. நீங்கள் இம்முறை மீன் உண்ணவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: சமைப்பதற்கு முன் உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை, உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே வைத்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அது இல்லாத கடைக்குள் நுழையாதீர்கள். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமாக ஆளுக்குச் சிறு தொகை சேர்ப்பது மட்டும் பொதுவழக்கம், அதற்காக வருந்த வேண்டாம்.

இயாவுக்குக் கீழே அம்மூதி என்னும் சிறு துறைமுகத்தில் தண்ணீரை ஒட்டியே மேசை போடுகிறார்கள். மேலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட படிகள். வாடகைக் காரில் சாலைவழியாகவும் இறங்கலாம். ஆனால் அங்கே எல்லாம் மீனும் எண்காலியும். புரட்டாசியில் உங்களுக்கு அது வேண்டாம்.

என் முடிவு இது: பாறை விளிம்பில் காப்பி குடியுங்கள், சாப்பாட்டை உள்நாட்டுக் கிராமத்தில் சாப்பிடுங்கள்.

*

ரெதுயி தோட்டம் எழுதியது:

அம்மா, பருப்பைப் பற்றிய கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன், ஒரு பிள்ளையின் உடல்நலம் சம்பந்தப்பட்டது என்பதால். நான் பயிர்த்தொழில் படித்தவன், மருத்துவன் அல்லேன். ஆகவே இதைப் படித்துவிட்டு அந்த அட்டையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாத கொட்டை, தாவரவியலில் விசியா ஃபாபா எனப்படும் அகன்ற அவரை. அதில் உள்ள விசின், கான்விசின் என்னும் பொருள்கள் உடலுக்குள் சென்று மாறும்போது, அந்நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்கள் தாங்கமுடியாமல் உடைகின்றன. அதனால்தான் மருத்துவர்கள் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சில் ஃபேவ் என்பது இதுவே. கிரேக்க மொழியில் இதற்குப் பெயர் 'குக்கியா'. இந்தச் சொல்லை மகன் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

சாந்தோரினியின் 'ஃபாவா' வேறு செடி. லாத்திரஸ் கிளிமெனும் என்பது அதன் பெயர். இந்தியாவில் கேசரிப் பருப்பு என்று சொல்லும் லாத்திரஸ் சட்டிவஸின் உறவுச் செடி அது; பருப்பு வைத்த ரொட்டியான டால்புரிக்கு நாம் வேகவைக்கும் மஞ்சள் பட்டாணிப் பருப்பும் அல்ல, ஆனால் உடைத்துத் தோல் நீக்கிய பின் பார்த்தால் நம் வீட்டுப் பருப்பு என்றே கை நீட்டுவீர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரை 1967 முதல் தோண்டியபோது கிடைத்த தானியங்களுக்குள் இதே பருப்பும் இருந்தது. அதாவது, அந்தப் பெருவெடிப்புக்கு முன்பே அத்தீவு மக்கள் இதை உண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் பிறப்பிடப் பாதுகாப்புப் பெயர் வழங்கியிருக்கிறது. வேறு ஊர்ப் பருப்பை 'சாந்தோரினி ஃபாவா' என்று விற்கக் கூடாது.

இப்போது கவனமாகப் படியுங்கள். கிரேக்க மொழியில் 'ஃபாவா' என்பது பருப்பின் பெயர் மட்டுமன்று, குழைய வேகவைத்து மசித்த உணவின் பெயரும்கூட. சில ஊர்களில் அகன்ற அவரையைக் கொண்டே இதைச் செய்வார்கள். அதற்குக் 'குக்கோஃபாவா' என்று பெயர். ஆகவே உணவுப் பட்டியலில் 'ஃபாவா' என்று மட்டும் இருந்தால், 'குக்கியா இருக்கிறதா' என்று ஒவ்வொரு கடையிலும் கேட்க வேண்டும். கூனைப்பூவோடு (ஆர்ட்டிசோக்) அவரையைச் சேர்த்துச் சமைக்கும் உணவும் உண்டு, அது பெரும்பாலும் வசந்தகாலத்தில். மகனைப் பொறுத்தவரை, மருத்துவர் சம்மதம் சொல்லும்வரை ஃபாவா வேண்டாம் என்பதே என் எண்ணம். அவன் உண்பதற்கு வேறு ஆயிரம் இருக்கிறது.

உங்கள் தாயாருக்கோ, அந்தத் தீவுக்குப் போய் அதை உண்ணாமல் வருவது பெரிய இழப்பாகும். பருப்பை மெல்லிய தீயில் குழைய வேகவைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, மேலே நறுக்கிய வெங்காயமும் கேப்பர் என்னும் செடியின் பூமொட்டும் தூவித் தருவார்கள். சிவக்க வதக்கிய வெங்காயமும் கேப்பரும் மேலே குவித்திருந்தால் அதற்கு 'மணம் முடித்த ஃபாவா' என்று பெயர். மஞ்சளும் தாளிப்பும் இல்லாத பருப்பு என்று நினைத்து வாயில் வைத்தால், பருப்புக்கே உரிய இனிப்பு அப்போதுதான் தெரியும். விரத காலத்தில் வெங்காயம் தவிர்ப்பவர்கள் என்றால் வெங்காயம் இல்லாமல் வேகவைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலர் வேகும்போதே சேர்த்துவிடுகிறார்கள்.

அத்தீவின் பயிர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நம் தீவும் எரிமலை எழுப்பியதுதான். ஆனால் நமக்கு மழை இருக்கிறது, ஆறு இருக்கிறது. அவர்களுக்கு ஆறே இல்லை, கோடையில் மழையும் இல்லை. துளைநிறைந்த எரிமலை மண் இரவின் ஈரத்தையும் கடல் மூடுபனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ள, அந்த ஈரத்திலேயே செடி உயிர் வாழ்கிறது. கடுங்காற்றுக்கு அஞ்சித் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையிலேயே கூடைபோல் வளைத்துச் சுற்றி, கனி அக்கூடைக்குள் தொங்கும்படி வளர்க்கிறார்கள். அந்த மண்ணில் விளையும் சிறிய பொம் தாமூர், அதாவது தக்காளி, நீர்ப்பாசனமே இல்லாமல் விளைவதால் தோல் தடித்து, சாறு குறைந்து, சுவை முழுவதும் செறிந்து நிற்கிறது. ஒருகாலத்தில் அதைக் கூழாக்கி அடைக்கும் ஆலைகள் அத்தீவில் ஓடின. 1956ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் பலர் வெளியேறியதோடு, பின்னர் சுற்றுலா பெருகியதோடு, அந்தத் தொழில் மெலிந்தது. விலிஹாதாவில் பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தக்காளியைப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் புதினாவும் மாவும் சேர்த்துப் பொரித்தெடுப்பது 'தொமாத்தோகெஃப்தெதெஸ்'. உள்ளூரில் 'பொய் இறைச்சி உருண்டை' என்றும் சொல்வார்கள். பருப்பு வடை போன்ற நம் காத்தோ பிமாமைப் போலக் கையில் எடுத்து உண்ணத்தக்கது. அறுவடை ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை நடப்பதால், செப்டம்பர் 20க்குப் பிறகு நீங்கள் உண்பது பெரும்பாலும் வேறு தக்காளியில் செய்ததாக இருக்கலாம். சுவை கொஞ்சம் குறையும். முட்டை சேர்த்ததா, பாலாடைக்கட்டி சேர்த்ததா, எந்த எண்ணெயில் பொரித்தது என்பவற்றைச் சமையலர் ஐயா மேலே சொன்னபடி கேளுங்கள். அத்தீவின் வெள்ளைக் கத்தரிக்காயும் கசப்பில்லாத இனிய காய். சுட்டு மசித்துத் தருவார்கள். அத்திப்பழமும் திராட்சையும் உங்கள் வாரத்தில் சந்தையில் நிறைய இருக்கும்.

*

ரோஸ் ஹில் ஓய்வாசிரியை எழுதியது:

வாக்குவா அன்பர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். பாறை விளிம்பில் காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். 71 வயதுத் தாயார் அத்தீவுக்கு இன்னொரு முறை போவார்களா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் என் அம்மாவை அழைத்துச் சென்றிருந்தபோது செலவைப் பார்த்து அந்த மாலையைத் தவிர்த்தேன். அம்மா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

ஆனால் இயாவில் வேண்டாம். சூரியன் மறையும் நேரத்தில் அந்தச் சந்துகளில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்தில் வயதானவர்கள் திணறிப்போவார்கள். இமெரோவிக்லியிலோ ஃபிரோஸ்தெஃபானியிலோ ஒரு மாலை மட்டும் மேசை பதிவு செய்யுங்கள். அதே கடல், அதே சூரியன், பாதிக்கும் குறைவான கூட்டம். சாலையிலிருந்து எத்தனை படி என்பதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள், ஏனென்றால் விளிம்பில் உள்ள கடைகள் பல, கீழ்நோக்கி அடுக்கடுக்காக அமைந்தவை. அங்கே பெரிய உணவு எதுவும் வேண்டாம். ஃபாவா, கத்தரிக்காய் மசியல், ரொட்டி, இவை போதும்.

இன்னொன்று. சமையலறையுள்ள வாடகை அறையாக மாற்றிக்கொள்ள முடியுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவேளை சோறும் பருப்பும் வீட்டில் ஆகிவிட்டால் மற்ற வேளையில் எது கிடைத்தாலும் மனம் அமைதியாக இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை அன்று படையல் இடவும் அது உதவும். மாங்காய் அசார் (ஊறுகாய்) கொண்டுபோகலாம், நெய் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருவோர் பால்பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். தீவில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சோற்றுக்கும் புட்டித் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

*

கோர் த கார்த் அடிவாரம் எழுதியது:

உங்கள் நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கிரேக்கர்களும் புதன், வெள்ளி விரதம் இருக்கிறார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்கள். அதுவரை 'உங்களுக்காகத்தான் வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பருப்பைப் பற்றிக் கேட்டதும், நம் பருப்பில் ஒரு கைப்பிடி எடுத்துப் போய் அங்கே காட்ட வேண்டும் என்கிறார்கள்.

மகனின் மருத்துவரிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். குக்கியா கண்டிப்பாகக் கூடாது. மற்றப் பருப்பைப் பற்றி நேரில் வந்து கேளுங்கள் என்றார், அடுத்த வாரம் போகிறோம். இமெரோவிக்லியில் ஒரு மாலை என்று முடிவு செய்துவிட்டோம். எக்ஸோ கோனியாவுக்கும் முன்பதிவு செய்துவிடுகிறேன். அறையைத்தான் மாற்ற முடியவில்லை, முன்பணம் திரும்பாது என்கிறார்கள்.

கப்பல் சமையலர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கேட்க வேண்டியவற்றை என் தாயாரே சொல்ல விரும்புகிறார்கள். ஆங்கில எழுத்து அவர்களுக்கு வராது. தமிழ் எழுத்தில் எழுதித் தர முடியுமா?

*

பழைய கப்பல் சமையலர் (போர்ட் லூயிஸ்) எழுதியது:

தாராளமாக, அம்மா. கடைக்குள் நுழைந்ததும் 'காலிஸ்பேரா' என்றால் மாலை வணக்கம், பகலில் 'காலிமேரா'. 'ஈமே ஹோர்தோஃபாகோஸ்' என்றால் நான் சைவம். உணவைக் காட்டி 'ஈனே நிஸ்திசிமோ?' என்று கேட்டால், இது விரத உணவா என்று பொருள். 'ஹோரிஸ்' என்பது 'இல்லாமல்'. அதன் பிறகு வேண்டாததைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 'ஹோரிஸ் க்ரேயாஸ்' இறைச்சி இல்லாமல், 'ஹோரிஸ் ப்ஸாரி' மீன் இல்லாமல், 'ஹோரிஸ் தலசினா' கடல் உணவு இல்லாமல், 'ஹோரிஸ் அவ்கோ' முட்டை இல்லாமல், 'ஹோரிஸ் தீரி' பாலாடைக்கட்டி இல்லாமல். எலும்போ மீனோ போட்ட சாறு சேராமலிருக்க 'ஹோரிஸ் ஸோமோ'. பொரித்த உணவைக் காட்டி 'தோ இதியோ லாதி?' என்றால், அதே எண்ணெயா என்று கேட்கிறீர்கள். மகனுக்கு 'ஹோரிஸ் குக்கியா'. அதை அவனையே சொல்லச் சொல்லுங்கள், மருத்துவ அட்டையையும் அவன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும்.

பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். கிரேக்க மொழியில் 'நே' என்றால் ஆம். நம் காதுக்கும், கிரெயோல் பேசிப் பழகிய வாய்க்கும், அது மறுப்பதுபோல் ஒலிக்கும். இல்லை என்பதற்கு 'ஓஹி' என்பார்கள். சில வேளை வாய் திறக்காமல் புருவத்தையும் முகவாயையும் மேலே தூக்குவார்கள், அதுவும் இல்லை என்பதே. முட்டை இருக்கிறதா என்று கேட்டு 'நே' என்று பதில் வந்தால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்நாட்டு மேசைகளில் ஒலிவ எண்ணெய் சிந்தாத வேளையே கிடையாது. வெறுந்தாள் இரண்டாம் நாளே படிக்கமுடியாமல் போய்விடும்.